வாடகை வீடா, ஹோட்டலா? பயணத்தில் தங்குமிடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணத் தேதி முடிவானதும் அடுத்து வருவது எங்கே தங்குவது என்ற கேள்வி. நண்பர்களும் உறவினர்களும் இது பற்றிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் பேச்சில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடத்தையும் குறிக்கும். இங்கே அறை எடுத்துத் தங்கும் ஹோட்டலை மட்டும் சொல்கிறேன். வாடகை வீடு என்பது, ஒருவர் தன் வீட்டையோ ஃபிளாட்டையோ அதில் ஓர் அறையையோ பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுவது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்லது?

ஒன்றிரண்டு இரவு, ஒருவர் அல்லது இருவர் என்றால் ஹோட்டல். நாலைந்து பேர் சேர்ந்து போனால் வீடு. இருவர் ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் பாதி அவர்களுக்காகத்தான்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் படுக்கை, குளியலறை, சாவிதானே?

வீட்டுக்காரர் உங்களுக்கு விற்பது இடம். ஹோட்டல்காரர் விற்பது ஆள். அந்த அறை வாடகையில் ஒரு பங்கு, ராத்திரி இரண்டு மணிக்கும் ரிசப்ஷனில் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்காகப் போகிறது. வெந்நீர் வரவில்லையா, அறை மாற்றித் தருவார்கள். சாவி தொலைந்ததா, இன்னொன்று தருவார்கள். எந்தப் பிரச்சினையும் வராத பயணத்தில் இந்த ஆள் வெட்டிச் செலவாகத் தெரிவார். பிரச்சினை வந்துவிட்டால் கொடுத்த பணத்துக்கு அவர் மட்டுமே ஈடு.

வீட்டில் அந்த ஆள் கிடையாது. பதிலுக்குக் கூடம், சமையலறை, வாஷிங் மெஷின், கதவைச் சாத்திக்கொள்ள இரண்டு மூன்று படுக்கையறைகள். குழந்தை தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஹோட்டல் அறையில் கைக்குழந்தையோடு தங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வீடு எடுத்தால் மலிவு என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டுப் பணம் என்பது வேண்டாம், வெறும் எண்களாக வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு ஓர் இரவுக்கு 100. சுத்தம் செய்யும் கட்டணம் 80. இது ஒரு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் ஒரே தொகை. இந்த இரண்டின் கூட்டுத்தொகை மேல், வீட்டை புக் செய்யும் ஆப்காரர்களின் சேவைக் கட்டணம் 10 சதவீதம். பக்கத்தில் உள்ள ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 130. பார்த்தவுடன் வீடுதான் மலிவு என்று தோன்றும். ஓர் இரவு தங்கினால் வீட்டுக்கு 198 ஆகிறது, ஹோட்டலுக்கு 130தான். நான்கு இரவுக்கு வீடு 528, ஹோட்டல் 520. ஐந்தாவது இரவில்தான் வீடு முந்துகிறது: 638க்கு எதிராக 650. ஐந்து நாளும் தங்கி மிச்சம் பிடித்தது 12.

இப்போது அதே கணக்கை நான்கு பேருக்குப் போடுங்கள். ஹோட்டலில் இரண்டு அறை வேண்டும், அதாவது இரவுக்கு 260. வீடு முதல் இரவிலேயே மலிவாகிவிடுகிறது. ஆகவே தங்கும் நாட்களை எண்ணுவதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் சில வீட்டுக்காரர்கள் தள்ளுபடி தருவார்கள். ஹோட்டலில் காலை உணவு சேர்ந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

மறைமுகக் கட்டணங்கள் வீட்டில்தான் அதிகமா?

ஹோட்டல்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. நீச்சல் குளத்தில் கால் வைக்காதவரிடமும் 'ரிசார்ட் கட்டணம்' என்று தினமும் வாங்கும் இடங்கள் உண்டு. அப்புறம் பார்க்கிங், சீக்கிரம் வந்தால் ஒரு தொகை, தாமதமாகக் கிளம்பினால் ஒரு தொகை. பல நகரங்களில் சுற்றுலா வரியை நேரில் கட்ட வேண்டும்; அது வீட்டுக்கும் உண்டு, ஹோட்டலுக்கும் உண்டு.

நிலைமை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஹோட்டலுக்கும் குறுகிய கால வாடகை வீட்டுக்கும் அது சேர்த்தே பொருந்தும். வாடகை வீடுகளை புக் செய்யும் ஆப்பான ஏர்பிஎன்பி 2025 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்டத் தொடங்கியது. அப்படியும் கடைசித் திரையில் வரும் தொகையைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். முதல் திரையில் வருவதைத் தூண்டில் புழு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டு வாடகை எல்லாம் ஏர்பிஎன்பி வந்த பிறகு தொடங்கியதுதானே?

இல்லை. விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுவது பழைய பழக்கம். இணையத்துக்கு வந்ததும் முன்பே: வெர்போ தளம் 1995இல் அமெரிக்காவின் கொலராடோவில், பனிச்சறுக்கு ஊரில் இருந்த ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விடுவதற்காகத் தொடங்கியது. ஏர்பிஎன்பியின் கதை 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டின்போது ஆரம்பிக்கிறது. வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தையைப் போட்டு ஆட்களைத் தங்க வைத்தார்கள். பெயரில் இருக்கும் 'ஏர்' அந்த மெத்தைதான்.

புதிதாக நடந்தது வேறு. நகரத்தின் நடுவே, குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடங்களுக்குள் பயணிகள் வரத் தொடங்கினார்கள். அடுத்த கேள்வி அதனால் எழுந்ததுதான்.

நான் புக் செய்யும் வீடு சட்டப்படி சரியானதா என்று எப்படித் தெரியும்? அது ஏன் என் கவலை?

வீட்டுக்காரருக்குத்தானே அபராதம் என்று விட்டுவிட முடியாது. நீங்கள் விமானம் ஏறும் முன் அந்த வீடு பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். ஜப்பானில் 2018 ஜூனில் புதிய சட்டம் வந்தபோது அதுதான் நடந்தது. உரிமம் இல்லாத வீடுகள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டன. ஏற்கெனவே புக் செய்திருந்த பயணிகளின் முன்பதிவுகளும் ரத்தாயின. இப்போது அங்கே இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாட்கள் வரை விடலாம்.

ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விதமாகக் கட்டுப்படுத்துகிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைவாக விடுபவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் தங்கும்போது தானும் அந்த வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. நியூயார்க்கில் நான்கு பேருக்கு முழு ஃபிளாட், மூன்று இரவு, நல்ல விலை என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டியது நீங்கள்தான். லண்டனில் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் விடத் தனி அனுமதி வேண்டும். பாரிஸில், ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாட்கள் வரை விடலாம் என்று இருந்தது. 2025 முதல் அது 90. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக விடவே கூடாது. பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலா ஃபிளாட்டுகளுக்குக் கொடுத்த பத்தாயிரத்துச் சொச்சம் உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024 ஜூனில் அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பதிவு முறை உள்ள நகரமா என்று பாருங்கள். ஆம் என்றால் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லை, கேட்டாலும் மழுப்புகிறார் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள். 'யாராவது கேட்டால் என் நண்பர் என்று சொல்லுங்கள்' என்று வீட்டுக்காரர் எழுதினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டால்?

வீட்டின் பெரிய பலவீனம் இதுதான். ஹோட்டலில் நூறு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் குழாய் உடைந்தால் இன்னொன்று. வீடு ஒன்றே ஒன்று. குழாய் உடைந்தால் உங்கள் பயணமும் சேர்ந்து உடைகிறது. பணம் திரும்ப வந்துவிடும், அதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் மூன்று மாதம் முன்பு நீங்கள் கட்டிய விலைக்கு, திருவிழாவுக்கு முந்தைய நாள் அதே ஊரில் இன்னொரு வீடு கிடைக்குமா? திரும்பி வந்த பணத்தால் அன்றைக்கு அந்த ஊரில் ஒரு தாழ்வாரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

ஹோட்டலிலும் இது நடக்கும். கடைசி நேரத்தில் சிலர் ரத்து செய்வார்கள், சிலர் வரவே மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக புக்கிங் எடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். கணக்குத் தப்பினால் ராத்திரி தாமதமாக வருபவருக்கு அறை இருக்காது. எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. பதினொன்றரை மணிக்குப் போய் நின்றேன். ரிசப்ஷனில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாலைந்து தெரு தள்ளி வேறு ஹோட்டலில் அறை பிடித்து, டாக்சியும் வரவழைத்து, அன்றைய வாடகையையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டரைக்கு ஒரு கட்டிலில் படுத்திருந்தேன். அதிலிருந்து, தாமதமாகப் போய்ச் சேரும் நாளில் ஹோட்டலுக்கு மாலையிலேயே போன் செய்து 'வந்துகொண்டிருக்கிறேன், அறையை விட்டுவிடாதீர்கள்' என்று சொல்லிவிடுவேன்.

திருமணம், தேர்வு, மருத்துவமனை, விசா நேர்காணல் என்று தேதி தவற முடியாத காரியத்துக்குப் போனால் நான் வீடு எடுப்பதே இல்லை.

நானே ரத்து செய்ய வேண்டி வந்தால்?

இதில் பொதுவாக ஹோட்டல் இளகிய மனம் கொண்டது. ஒன்றிரண்டு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யும் விலையும் இருக்கும், அதைவிடக் குறைவாக, ரத்து செய்தால் பணம் திரும்பாத விலையும் இருக்கும். இரண்டாவதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வீட்டில் விதியை வைப்பவர் வீட்டுக்காரர். ஒரே தெருவில் ஒருவர் முந்தைய நாள்வரை முழுப் பணத்தையும் தருவார், இன்னொருவர் ஒரு மாதம் முன்பே பாதியைப் பிடித்துக்கொள்வார். வீட்டின் படங்களைப் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. படம் பிடித்துப்போன பிறகு விதி கண்ணில் படாது.

படங்களை நம்பலாமா?

காட்டுவதை நம்பலாம். காட்டாததைத்தான் தேட வேண்டும். பத்துப் படங்களில் ஆறு, காபிக் கோப்பைக்கும் பூந்தொட்டிக்கும் நெருக்கத்தில் எடுத்தவை என்றால் அறை சிறியது. குளியலறைப் படமே இல்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எடுத்த படம் இல்லை: எதிர்ச் சுவர். அகலக் கோண லென்ஸில் எந்த அறையும் கூடம் போலத் தெரியும். சதுர அடியைக் கேளுங்கள், அல்லது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஜன்னல் வித்தை ஹோட்டல்களிலும் உண்டு. 'உள்நோக்கிய அறை' என்றால் வெளிச்சம் வராத அறை என்று பொருள்.

படுக்கை எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ஆறு பேர் தங்கலாம்' என்பதில் இரண்டு பேர் பெரும்பாலும் சோபாவில் படுப்பவர்கள். ஆட்களைப் பார்க்காதீர்கள், கதவு உள்ள படுக்கையறைகளையும் குளியலறைகளையும் எண்ணுங்கள். ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றால், காலை எட்டு மணிக்குக் கிளம்பும் திட்டங்களை மறந்துவிட வேண்டியதுதான்.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது? எல்லா வீட்டுக்கும் ஐந்துக்கு 4.8 இருக்கிறதே!

வீட்டுக்கு வரும் மதிப்பெண்கள் கொஞ்சம் தாராளமானவை. நேரில் பேசிச் சிரித்த மனிதரின் வீட்டைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. போதாததற்கு, அவரும் உங்களைப் பற்றி எழுதுவார். ஏர்பிஎன்பியில் இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரையோ 14 நாள் ஆகும் வரையோ ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. பழிக்குப் பழி எழுதுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் கூச்சத்தைத் தடுக்க ஏற்பாடு எதுவும் இல்லை. அதனால் 4.8 என்பது 'பரவாயில்லை'. 4.5 என்றால் ஏதோ இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

நான் பாராட்டுகளைத் தாண்டிவிட்டு, 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின் வருவதைப் படிப்பேன். 'அருமையான வீடு, ஆனால் கீழே மதுக்கூடம்'. விஷயம் அங்கேதான் இருக்கும். ஒரே குறையை மூன்று பேர் சொன்னால் அது குறை. ஒருவர் மட்டும் சொன்னால் அவருடைய மனநிலை. கடைசி ஆறு மாதத்தில் வந்தவை போதும்.

ஹோட்டல் விமர்சனங்களில் தயவு தாட்சண்யம் குறைவு, ஏனென்றால் எழுதுபவருக்கு யாரையும் நேரில் தெரியாது. அங்கே வேறொன்றைப் பார்க்க வேண்டும். தங்கியவர் மட்டும் எழுதக்கூடிய தளமா, யார் வேண்டுமானாலும் எழுதலாமா என்று பாருங்கள். புக்கிங்.காம் போன்றவற்றில் அங்கே புக் செய்து தங்கியவர்களே எழுத முடியும்.

நட்சத்திரத்தை வைத்து ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கலாமா?

உலகம் முழுவதற்குமான நட்சத்திர அளவுகோல் என்று ஒன்று கிடையாது. ஒரு நாட்டில் அரசு தருகிறது, இன்னொரு நாட்டில் ஹோட்டல் சங்கம் தருகிறது, சில இடங்களில் புக்கிங் தளமே ஒட்டிவிடுகிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் 2009 முதல் ஒரு பொது அளவுகோலின்கீழ் வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்திலும் நட்சத்திரம் என்பது லிஃப்ட் உண்டா, ரிசப்ஷன் எத்தனை மணி நேரம் என்பது போன்ற வசதிப் பட்டியல். மெத்தை குழிந்திருக்கிறதா என்பது அதில் வராது.

எது பாதுகாப்பானது?

தீயைப் பொறுத்தவரை ஒழுங்காக நடக்கும் ஹோட்டல். புகை உணரும் கருவி, அவசர வழி, கதவுக்குப் பின்னால் தப்பிக்கும் வரைபடம் ஆகியவற்றை உரிமத்துக்காகவே வைத்தாக வேண்டிய நாடுகள் நிறைய. வீட்டில் அதெல்லாம் வீட்டுக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது. சட்டம் கேட்கும் ஊர்களிலும் யாராவது வந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

வீட்டில் நான் அதிகம் பயப்படுவது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு. வாயு ஹீட்டர், கணப்பு, பழுதான வெந்நீர் பாய்லர் ஆகியவற்றிலிருந்து வரும். நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுந்ததில்லை. வாயுவில் ஓடும் கருவிகள் உள்ள வீடு என்றால் இதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று விளம்பரத்தில் பாருங்கள். பேட்டரியில் ஓடும் கையடக்கமானது ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நான் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். வீட்டில் கேலி செய்தார்கள், பரவாயில்லை.

கேமரா பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்தக் கண்காணிப்புக் கேமராவையும் அனுமதிப்பதில்லை. அதற்கு முன் கூடத்தில் வைத்து விளம்பரத்தில் சொன்னால் போதும் என்று இருந்தது. வாசலில் வைக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டிலையோ குளியலறையையோ பார்த்தபடி இருக்கும் கடிகாரம், சார்ஜர், புகை உணரும் கருவி ஆகியவற்றை ஒரு முறை பாருங்கள். ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆப்காரர்களுக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள்.

ஹோட்டலில் ஒன்றே ஒன்று: அறைக்குள் போகும் முன், உங்கள் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவிப் போகலாம்.

தனியாகப் போகும் பெண்கள் எதை எடுக்கலாம்?

என் தங்கையின் வழக்கத்தைச் சொல்கிறேன். புது ஊரில் முதல் இரண்டு இரவு ஹோட்டல், அதிலும் தரைத்தளம் வேண்டாம் என்று கேட்டு வாங்குவாள். ஊர் பழகிய பிறகு மீதி நாட்களுக்கு வீடு, அதிலும் பெண்கள் எழுதிய விமர்சனங்கள் நிறைய உள்ள வீடு. முந்தைய வாடகைக்காரர்களிடம் அந்த வீட்டுச் சாவியின் நகல் இருக்க வாய்ப்புண்டு. அதனால் உள்ளிருந்து தாழ்ப்பாள் உண்டா என்று புக் செய்யும் முன்பே கேட்டுவிடுவாள். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

வயதான அம்மா அப்பாவோடு போகிறோம். வீடு சரிவருமா?

படிக்கட்டைக் கேளுங்கள். 'மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை' என்பது விளம்பரத்தின் அடியில், மூன்று முறை தட்டித் திறக்கும் இடத்தில் எழுதியிருக்கும். லிஃப்ட் உண்டு என்றாலும் தெருவிலிருந்து லிஃப்ட் வரை ஐந்து படி இருக்கலாம். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டுமா, தட்டையான தரையா என்பது முக்கியம். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் யோசிக்காமல் ஹோட்டல். அதற்கான அறைகளை வைத்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில்கூட, உரிமையாளர் தானும் குடியிருந்துகொண்டு ஐந்து அறைக்கு மேற்படாமல் விடும் இடங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.

சமையலறை மட்டும் வீட்டின் பக்கம் பேசும். மருந்துக்கு ஏற்ற வேளையில், உப்புக் குறைத்து, பழகிய சாப்பாடு என்று இருப்பவர்களுக்கு அடுப்பு ஒரு வரம். ஆனால் அம்மாவையே அங்கேயும் சமைக்க வைப்பதாக இருந்தால் அது அவருக்கு விடுமுறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி தாமதமாகப் போய்ச் சேர்கிறோம்...

ஹோட்டல் எடுங்கள். வாசலில் ஒரு சாவிப் பெட்டி, அதற்கு நான்கு இலக்க எண் என்பது காகிதத்தில் நல்ல யோசனை. ஒருமுறை மழையில், போனில் நான்கு சதவீத சார்ஜோடு, பெட்டி திறக்காமல் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எண் சரிதான், பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தது என் தவறு. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்தன என்பது மட்டும் என் ஆறுதல்.

காலையில் காலி செய்துவிட்டு, இரவு விமானம். பெட்டிகளை என்ன செய்வது?

ஹோட்டலில் ரிசப்ஷனில் விட்டுவிட்டுப் போகலாம், பெரும்பாலும் இலவசம். வீட்டில் அடுத்தவர் வரும் முன் சுத்தம் செய்ய ஆள் வந்துவிடுவார். பெட்டி வைக்கும் கடைகள் பல நகரங்களில் உண்டு, காசு கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் எதையாவது உடைத்துவிட்டால்? அல்லது உடைக்காததற்குப் பணம் கேட்டால்?

உள்ளே போனதும் பெட்டியைத் திறக்கும் முன் போனில் ஒரு வீடியோ எடுங்கள். அறை அறையாக, சோபாவின் கறை, கண்ணாடியின் கீறல், அடுப்பு, எல்லாம். கிளம்பும்போது இன்னொன்று. மொத்தம் நான்கு நிமிடம். வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் உடனே ஆப்பிலேயே எழுதுங்கள்; ஏர்பிஎன்பியில் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கோ நீங்கள் கிளம்பிய பின் 14 நாள் அவகாசம். உண்மையிலேயே கோப்பையை உடைத்துவிட்டால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும்.

ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பினால் தள்ளுபடி தருகிறேன் என்கிறார். அனுப்பலாமா?

கூடாது. அந்த வீடு அவருடையதே இல்லாமல் போகலாம், அந்த வீடே இல்லாமலும் போகலாம். ஹோட்டலை நேரடியாகப் போன் செய்து புக் செய்வது வேறு. அங்கே சில சமயம் உண்மையிலேயே விலை குறையும்.

உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போவதற்கு நாமும் காரணமாகிறோமா?

ஆகிறோம், கொஞ்சம். குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாக வருகிறது என்றால் உரிமையாளர் எதைச் செய்வார்? 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்வலம் போனவர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த ஊர்களில் வாடகை ஏற வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் பெட்டி இழுத்துக்கொண்டு வருபவர் மேல் போடுவது சரியில்லை. என் வழி: வீட்டுக்காரர் தானே குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை, அல்லது அவர் ஊருக்குப் போகும் நாட்களில் விடும் வீடு. ஒரே ஆள் பெயரில் நாற்பது ஃபிளாட் இருந்தால் அது ஹோட்டல்தான், ரிசப்ஷன் மட்டும் இல்லை. அதற்கு ரிசப்ஷன் உள்ள ஹோட்டலிலேயே தங்கிவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா?

சர்வீஸ் அபார்ட்மெண்ட். சின்ன சமையலறை, வாஷிங் மெஷின், கீழே ரிசப்ஷனில் ஆள். இருவர் ஒரு வாரம் தங்கும் அந்தக் குழப்பமான கணக்குக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிறிய ஊர்களில் கிடைப்பது கஷ்டம்.

வீடுதான் என்று முடிவு செய்துவிட்டோம். புக் செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஒரே செய்தியில் மூன்று கேள்வி அனுப்புங்கள். வைஃபை வேகச் சோதனையின் படம் ஒன்று அனுப்ப முடியுமா? ராத்திரி சத்தம் எப்படி? அவசரம் என்றால் எந்த எண்ணில், யார் பேசுவார்கள்? பதிலில் என்ன இருக்கிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். பணம் கட்டும் முன்பே ஒன்றரை நாள் கழித்து 'எல்லாம் ஓகே' என்று ஒரு வரியில் பதில் சொல்பவர், வெந்நீர் வராத அன்று காலை போனை எடுப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.